பாட்டு நின்றாலும் கால் நிற்கக்கூடாது

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நம் வயதினரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதை மறந்து வந்தால் பாதி வழியில் வீடு திரும்புவீர்கள்? தண்ணீர்ப் போத்தல் என்று சொல்பவர் குறைவு. துண்டு என்பவர் அதைவிடக் குறைவு. பெரும்பாலோர் இயர்ஃபோன் என்றுதான் சொல்வார்கள்.

அதில் வியப்பில்லை. சிங்கப்பூரின் வெயிலும் சொல்லாமல் வரும் மழையும் நம்மை உள்ளே தள்ளுகின்றன. பூங்காவில் ஓடினால் மரங்கள் நகரும், மனிதர்கள் கடந்து போவார்கள், பாதை வளையும். டிரெட்மில்லில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் கண்முன் நிற்பது அதே சுவர்தான். அந்தச் சலிப்பை விரட்டுவது பாட்டு. தவிலும் பறையும் காதில் விழுந்ததும் என் கால்களும் தாமாகவே வேகம் பிடிக்கின்றன. ஆகவே பாட்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பாட்டுக்கு எவ்வளவு பலம் உண்டு, அது எங்கே நம்மைக் கைவிடும் என்று தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் பலத்தைப் பார்ப்போம். நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் உள்ளரங்கில் ஒரு காலத்தில் ஆறு நாள் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. வீரர்கள் வட்டத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்ட, இடையிடையே இசைக்குழு வாசிக்கும். வாத்தியம் ஒலிக்கும்போது வீரர்களின் வேகம் கூடுவதை லெனர்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர் கணக்கிட்டு 1911ல் எழுதினார். கிட்டத்தட்ட நூறாண்டுகளுக்குப் பிறகு, 2010ல், பிரிட்டனின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 மாணவர்களை நிலைச் சைக்கிளில் ஏற்றினார்கள். பாட்டுகள் மாணவர்களே தேர்ந்தெடுத்தவை. அவர்களிடம் சொல்லாமல் அந்தப் பாட்டுகளின் வேகத்தை ஒருமுறை 10 விழுக்காடு கூட்டினார்கள், ஒருமுறை 10 விழுக்காடு குறைத்தார்கள். வேகம் கூடியபோது மாணவர்கள் அதிக தூரம் மிதித்தார்கள். குறைந்தபோது அவர்களும் தளர்ந்தார்கள். வேகமான பாட்டு கேட்டவர்களுக்குக் களைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. அதிக உழைப்பை அவர்கள் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் சுவையான செய்தி.

இனி எல்லை. இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் பிரிட்டிஷ் பேராசிரியர் கோஸ்டாஸ் கராகியோர்கிஸும் மற்ற ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டும் ஓர் உண்மை இது: மிதமான பயிற்சியில் பாட்டு நம் கவனத்தைக் களைப்பிலிருந்து திருப்பும். பயிற்சி மிகக் கடுமையாகும்போது அப்படித் திருப்ப முடிவதில்லை. மூச்சு வாங்கி, தொடை எரிந்து, நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மூளைக்கு உடம்பின் குரல்தான் பெரிதாகக் கேட்கும். பாட்டு மனத்துக்குக் கொஞ்சம் இதம் தரலாம். வலியை மறைக்காது. நமக்கு மிகவும் தேவைப்படும் கடைசி இரண்டு நிமிடங்களில்தான் அதன் பிடி தளர்கிறது.

மாணவர்களுக்கு இது வெறும் தகவல் அல்ல. நாஃபா உடலுறுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும். விசில் ஊதிய பிறகு காதில் இருப்பது சொந்த மூச்சின் சத்தம்தான். தேசிய சேவைக்கு முன் உரிய உடலுறுதித் தரத்தை எட்டும் இளையர், எட்டு வாரக் கூடுதல் பயிற்சியைத் தவிர்க்க முடியும். அவ்வளவு கனமான ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் பாட்டோடு மட்டும் பழகிவிட்டு, அன்று திடீரென்று மௌனத்தில் ஓடுவது எப்படிச் சரிவரும்? உலகத் திடல்தட விதிகளும் போட்டித் தளத்தில் இசைக் கருவி வைத்திருப்பதை அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் உதவியாகவே அது கருதப்படுகிறது.

இசை பாதியில் நின்றுவிடும், ஆனால் நடை நிற்கக்கூடாது. அந்த நிலைமையைச் சமாளிக்கும் வழி தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக்குப் போக வேண்டும்.

நேர்த்திக்கடனை உடற்பயிற்சியோடு ஒப்பிட நான் விரும்பவில்லை. விரதமும் பக்தியும் வேறு தளத்தில் இருப்பவை. ஆனால் களைத்த உடம்பு தாளத்தால் எப்படி முன்னேறுகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் காவடிகள், டேங்க் ரோட்டில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைய மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். ஊர்வலத்தில் இசைக் கருவிகள் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. பின்னர் விதிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. 2016ல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது.

அதாவது, இசை வழி முழுவதும் கூடவே வருவதில்லை. ஓரிடத்தில் உறுமியும் தவிலும் முழங்கும். காவடி எடுப்பவர் அங்கே நின்று ஆடுவார், முகம் மலரும். பிறகு அவர் நகர வேண்டும். மேளச் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துபோகும். அடுத்த மேளம் கேட்கும்வரை அவரைக் கொண்டுபோவது யார்? பக்கத்தில் நடக்கும் அண்ணன், மாமா, நண்பர்கள். ஒருவர் “வேல் வேல்” என்று குரல் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் தண்ணீர் தருவார். தோள் சாய்ந்தால் ஒருவர் பிடித்துக்கொள்வார். மேளக்காரரும் காவடி எடுப்பவரின் காலைப் பார்த்துத்தான் அடியைக் கூட்டுகிறார், குறைக்கிறார். நம் கைப்பேசியில் ஓடும் பாட்டுப் பட்டியல் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் தள்ளாடினாலும் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆளில்லாத நேரத்துக்கும் நம் முன்னோரிடம் ஒரு வழி இருந்தது. கிணற்றிலிருந்து ஏற்றம் இறைத்தவர்கள் பாடிய ஏற்றப்பாட்டில் எத்தனை சால் நீர் இறைத்தாயிற்று என்ற எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். வேலையின் தாளம்தான் பாட்டின் தாளம். பாடுபவரும் உழைப்பவரும் ஒரே ஆள். வெளியிலிருந்து வரும் பாட்டு நின்றுபோகலாம். உள்ளிருந்து வரும் எண்ணிக்கை நிற்காது.

இவற்றிலிருந்து நம் பயிற்சிக்கு நான்கு வழிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பாட்டை அது வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். பயிற்சி தொடங்குமுன் சோம்பலை உதறவும், சீரான வேகத்தில் ஓடும் நடுப்பகுதிக்கும் அது மிகப் பொருத்தம். நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டுகள் உள்ள பாட்டுகள் பெரும்பாலான பயிற்சிகளுக்குப் போதும். 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். நடுவில் கைப்பேசியை எடுத்துப் பாட்டு மாற்றுவதைத் தவிர்க்க, பட்டியலை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு பயிற்சியையாவது பாட்டில்லாமல் செய்யுங்கள். அது கடினமாக இருந்தால், கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இயர்ஃபோனைக் கழற்றுங்கள். காலடியை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தேர்வு நாளில் உங்களோடு வரப்போவது அந்த எண்ணிக்கைதான்.

மூன்றாவது, ஒரு துணையைத் தேடுங்கள். தண்டால் எடுக்கும்போது பத்தாவதோடு நிறுத்த நினைப்பவரை, “இன்னும் ரெண்டுதான்டா” என்ற குரல் பன்னிரண்டுக்குக் கொண்டுபோகும். இருவரும் காதை அடைத்துக்கொண்டு அடுத்தடுத்த இயந்திரங்களில் ஓடினால் அந்தக் குரல் கேட்காது.

நான்காவது, ஒலியைக் குறையுங்கள். கூடத்தின் ஒலிபெருக்கியை வெல்ல நாம் இயர்ஃபோன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். உடம்பைத் தேற்றப் போய்ச் செவியை இழக்கக்கூடாது.

படம் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்வது பற்றியும் ஒரு சொல். நிலைச் சைக்கிளில் மெதுவாக மிதிக்கும்போது ஒரு நகைச்சுவைக் காட்சி பார்ப்பதில் குற்றமில்லை. கடும் பயிற்சியில் திரையைப் பார்ப்பவரின் தலை குனிகிறது, வேகம் குறைகிறது. டிரெட்மில்லில் கால் தவறினால் சிரிப்பு நின்றுவிடும்.

பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு யோசனை. நம் இந்தியக் கலாசாரக் குழுக்களில் மேளம் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களைக் கலைநிகழ்ச்சிக்குத்தான் கூப்பிடுகிறோம். உடற்கல்வி ஆசிரியர்கள் உள்ளரங்குச் சுற்றுப்பயிற்சிக்கு ஒருநாள் அவர்களை அழைத்துப் பார்க்கலாமே. ஒரு மூலையில் மட்டும் மேளம், மற்ற மூலைகளில் நண்பர்களின் குரல். எல்லா இன மாணவர்களும் அதை ரசிப்பார்கள். மேளம் வாசிப்பவரும் தன் முன்னே உழைப்பவரைப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொள்வார்.

பாட்டு கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஒரு மேளத்துக்கும் அடுத்த மேளத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை நடந்து கடக்கவும் பழகுங்கள். தேர்வும் போட்டியும் நம்மை அங்கேதான் அளக்கின்றன.