பயணத் திட்டத்தின் முதல் வரி

ஐரோப்பாவில் பயிலும் நம் பிள்ளைகள், வசந்த விடுமுறையில் நண்பர்களோடு சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்குச் செல்லத் திட்டமிடுவது தவறன்று. பூமியில் பயணித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆனே அழைக்கிறது. ஆனால், திட்டத்தில் விமானச் சீட்டும் விடுதியும் முதலில் வருகின்றன. தொழுகையோ கடைசியில் நிற்கிறது.

பலேர்மோ 831 முதல் 1072 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம். ஆட்சி கைமாறி நூறாண்டு கடந்த பின்னும் அங்கே பாங்கொலி கேட்டதை, 1184ஆம் ஆண்டின் இறுதியில் ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் அங்குத் தங்கிய இப்னு ஜுபைர் பதிவு செய்துள்ளார். இன்றும் அந்நகரப் பேராலயத்தின் தென்வாயில் தூணொன்றில் இறைவசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்தூணின் முன் படம் எடுத்தபடியே அஸரைத் தவறவிட்டால், நாம் கண்டது வெறும் கல்லையே.

ஆகவே புறப்படுமுன் இரண்டைச் செய்யுங்கள். மூவர் பயணித்தால் ஒருவரைத் தலைவராக்குவது நபிவழி. அமீர் ஒருவர் இருந்தால் செலவிலும் நேரத்திலும் பிணக்குக் குறையும், நட்பும் முறியாது. அடுத்து, தொழுகை நேரங்களை முதலில் எழுதி, அவற்றுக்கிடையே ஊர் சுற்றுவதை அமையுங்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று இத்தாலியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படும். ஏப்ரல் இறுதியில் மக்ரிப் இரவு எட்டு மணியை நெருங்கிவிடும். இரவு உணவையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

பயணிக்கு நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருக்கப்பட்டிருப்பது தொழுகையைக் கைவிடுவதற்கன்று; எங்கிருந்தாலும் எளிதாக நிறைவேற்றுவதற்கே. அல்லாஹ் நம் பயணங்களை நன்மையாக்குவானாக, ஆமீன்.