பொதி கட்டுபவரை விரட்டலாமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி தந்துவந்த வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. அடுத்த விண்டோஸை ஏற்கும் சக்தி பல பழைய கம்ப்யூட்டர்களுக்குக் கிடையாது. பிள்ளையின் படிப்புக்கென்று செகண்ட் ஹாண்டில் வாங்கிய மெஷினைத் தூக்கிப் போட எந்தச் சம்பளக்காரருக்கு மனம் வரும்? ஆகவே, காசு கேட்காத லினக்ஸ் பக்கம் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

லினக்ஸ் என்பது ஒன்றல்ல. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று பல வழங்கல்கள் உண்டு. டெபியனுக்குக் கட்டிய பொதி ஃபெடோராவில் இறங்காது. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த ஜங்ஷன்களில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றிய காலம் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். சரக்கு அதேதான், ஆனால் நடுவில் சுமப்பதற்கு ஆள் வேண்டும்.

மென்பொருள் உலகில் அந்தச் சுமையைத் தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காத தொண்டர்கள். மூல நிரலை எடுத்து, தம் வழங்கலில் உள்ள துணை நிரல்களோடு பொருத்தி, கட்டிப் பார்த்து, முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். மூலத்தில் ஒரு திருத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. செய்தி அனுப்பும் மென்பொருளிலோ திருத்தம் ஓய்வதேயில்லை. டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். சிக்னலின் பழைய பதிப்போ சில மாதங்களில் காலாவதியாகிவிடும். இந்த இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றுவது லேசான வேலையா?

கம்ப்யூட்டருக்கான சிக்னல் தனி மென்பொருளாக 2017 அக்டோபரில் வெளிவந்தபோது, லினக்சில் டெபியன் குடும்பத்துக்கு மட்டுமே அதிகாரபூர்வப் பொதி கிடைத்தது. பல ஆண்டுகள் அதே கதைதான். ஃபெடோராக்காரரும் ஆர்ச்காரரும் வெளியார் கட்டித் தந்ததையே நம்பினார்கள். ஃபிளாட்ஹப் கிடங்கில் வைக்கப்பட்ட பொதியில் ‘இதற்கு சிக்னலின் ஆதரவு இல்லை’ என்று பொருள்படும் எச்சரிக்கை வேறு!

இதற்கும் முன்னால், 2016-ல், இன்னொரு சம்பவம் நடந்தது. கூகுள் சேவைகளைக் கழற்றிவிட்ட ஆண்ட்ராய்டு போன்களில் அன்று சிக்னல் ஓடாது. அவற்றில் ஓடும்படி சிலர் அதே நிரலை மாற்றிக் கட்டி, லிப்ரேசிக்னல் என்று பெயரிட்டார்கள். சிக்னலின் கர்த்தாவான மாக்ஸி மார்லின்ஸ்பைக் மறுத்துவிட்டார். எங்கள் சர்வரையும் பயன்படுத்தக் கூடாது, எங்கள் பெயரையும் வைக்கக் கூடாது என்றார். அந்த முயற்சி நின்றது. வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டே, 2017-ல், கூகுள் சேவைகள் இல்லாமல் ஓடும் வசதியை சிக்னலே கொண்டுவந்தது. அப்படியானால் வெளியார் கேட்டது நியாயம்தானே?

மார்லின்ஸ்பைக் சொன்னதில் சாரமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. நிரலுக்குத்தான் உரிமம், பெயரும் சர்வரும் அதில் அடங்கா. வெளியார் கட்டியது பழசாகிக் கிடந்தால் ரகசியம் காக்கும் மென்பொருளில் ஓட்டை விழும். பழி மூலக்காரர் தலையில் விடியும். பொதி கட்டுகிறவர் கையும் சில வேளை தவறும். 2006-ல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பூட்டு நிரலில் ஒருவர் நல்லெண்ணத்தோடு இரண்டு வரிகளை நீக்கினார். ஒருவகைச் சாவியில் எண்ணிறந்த தினுசுகள் இருக்க வேண்டிய இடத்தில் 32,768 என்ற அளவுக்குள் சுருங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. சாவிகளை எல்லாம் மாற்ற உலகெங்கும் ஓட வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த விபத்து எதைக் காட்டுகிறது? கட்டுகிறவருக்கும் மூலக்காரருக்கும் நெருங்கிய பேச்சுவார்த்தை வேண்டும் என்பதையல்லவா? பார்சலில் சேதம் வந்தது என்பதற்காகப் பார்சல் ஆபீசையே மூடுவார்களா? ஒரே மூலத்திலிருந்து எவர் கட்டினாலும் எழுத்துப் பிசகாமல் ஒரே பொதி வரும்படி செய்யும் முறை இருக்கிறது. ஆண்ட்ராய்டு பதிப்புக்கு 2016-லேயே சிக்னல் அதைச் செய்து காட்டியது. ஒவ்வொரு வழங்கலிலும் பொறுப்பான ஒருவரை அடையாளம் கண்டு, அவருடைய பொதியை இப்படிச் சரிபார்த்து, அவசரத் திருத்தம் வரும்போது முன்கூட்டியே தகவல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? முடியாதென்றால், எல்லா வழங்கல்களுக்கும் தாங்களே கட்டித் தர வேண்டும். இரண்டையும் செய்யாமல், நிரல் திறந்திருக்கிறது என்று பெருமை பேசுவது, கோடவுன் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட் பாஸ் தர மறுப்பதைப் போன்றதே.

பழைய மெஷினில் ஃபெடோராவைப் போட்டுக்கொண்ட ஒரு குமாஸ்தாவுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. ஊரில் இருக்கும் தங்கையோடு செல்போனில் பேசுவதைப் பெரிய திரையிலும் பார்க்க ஆசைப்படுகிறார். ‘ஆதரவு இல்லை’ என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டு, பட்டனை அழுத்தலாமா வேண்டாமா என்று அவர் கை தயங்குகிறது.