வெளியிடவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்

அமெரிக்கச் செவ்வியல் இசை என்றதும் கெர்ஷ்வினும் காப்லாண்டும் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள் என்றால், பழியைக் கேட்பவரின் சோம்பல்மீது போடுவது நியாயமல்ல. மற்றவர்களின் இசைத்தட்டுகள் கண்ணில் பட்டால்தானே காதில் விழும்! பழைய ஒலிப்பதிவுகளை மறுபடி வெளியிடுங்கள் என்று யார் கேட்டாலும் "வாங்க ஆளில்லை" என்ற பதிலே தயாராக இருக்கிறது. அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

இவற்றுள் பல தட்டுகள் சந்தையை நம்பிப் பிறந்தவையே அல்ல. 1953இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை லூயிவில் இசைக்குழுவுக்கு 4 லட்சம் டாலர் அளித்தது. ராபர்ட் விட்னியின் தலைமையில் அக்குழு புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கி அரங்கேற்றியது; அவற்றைத் தானே இசைத்தட்டுகளாகவும் கொண்டுவந்தது. 1954இல் ஆட்டோ லூனிங், டக்ளஸ் மூர், ஆலிவர் டேனியல் ஆகியோர் 'கம்போசர்ஸ் ரெக்கார்டிங்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினர். 2003இல் அது மூடப்பட்டபின் அதன் சேகரம் லாபநோக்கற்ற 'நியூ வேர்ல்ட் ரெக்கார்ட்ஸ்' வசம் வந்தது. ஒருவர் கேட்டால் ஒரு பிரதி என்ற முறையில் அத்தட்டுகள் தொடர்ந்து கிடைக்கச் செய்தார்கள். ஆக, வழி இருக்கிறது. மனம்தான் இல்லை.

பெரிய நிறுவனங்கள் செய்தது என்ன? அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக 2005இல் வெளியான ஓர் ஆய்வு, எல்லா வகை இசையையும் சேர்த்துக் கணக்கெடுத்தது. 1890 முதல் 1964 வரையிலான பதிவுகளில் உரிமையாளர்கள் மறுபடி கிடைக்கச் செய்தவை சராசரியாக 14 விழுக்காடுதான். மிச்சத்தைப் பிறர் வெளியிடவும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 1923க்கு முந்தைய பதிவுகள் 2022இல் பொதுச்சொத்தாயின. 1957க்குப் பின், 1972 பிப்ரவரி 15க்கு முன் வெளியானவற்றுக்கோ 2067 வரை பூட்டு.

வில்லியம் டாசன் என்ற கறுப்பின இசைமேதையின் 'நீக்ரோ ஃபோக் சிம்பொனி'யை 1934இல் பிலடெல்பியாவில் அரங்கேற்றியவர் ஸ்டகோவ்ஸ்கி. 1952இல் மேற்கு ஆப்பிரிக்கா சென்று வந்த டாசன் படைப்பைத் திருத்தினார். திருத்திய வடிவத்தை 1963இல் பதிவுசெய்தவரும் அதே ஸ்டகோவ்ஸ்கிதான். புதிய பதிவுகள் வந்துவிட்டனவே என்பார்கள். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் அரங்கேற்றியவரே 29 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து நடத்திய இசையை இனி யார் பதிவுசெய்ய முடியும்? இத்தகைய ஆவணம் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கணக்கை நம்பியா உயிர்வாழ வேண்டும்?

2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திட்டிவாசலையும் வைத்திருக்கிறது. விற்பனையில் இல்லாத பதிவை, முறையாகத் தேடி அறிவிப்புக் கொடுத்தபின், வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் 90 நாள்களுக்குள் உரிமையாளர் மறுத்தால் அதுவும் அடைபடும். காரணம் சொல்ல வேண்டிய கடமைகூட அவருக்கு இல்லை.

நாங்கள் கேட்பது இலவசமல்ல. குறிப்பிட்ட காலத்துக்குள் தானே வெளியிடாத உரிமையாளர், வெளியிட முன்வருபவரிடம் நியாயமான தொகையைப் பெற்றுக்கொண்டு வழிவிடட்டும். மூல நாடாக்கள் 2067 வரை காத்திருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.