பம்பர் தொங்கினால் பம்பர் கெட்டுவிட்டதாகாது

ஈப்போவில் மாலை நேர நெரிசலில் நின்றால் இதைக் கவனிக்கலாம். முன்னால் நிற்கும் ஏதாவது ஒரு காருக்குப் பின் பம்பர் ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும். சிலர் அதற்கு டேப் ஒட்டியிருப்பார்கள். சிலர் கிழிந்த சட்டைக்குத் தையல் போட்டதுபோல் கறுப்புக் கேபிள் டையால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். 'பம்பரையே மாற்றவேண்டும்' என்று யாரோ சொன்ன விலையைக் கேட்டுவிட்டுத்தான் டேப்பைத் தேடிப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் என் அக்கா மகளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. சிலிபினிலிருந்து தினமும் கம்பாருக்கு வேலைக்குப் போய்வருபவள். அவளுடைய மைவியின் இடது பின் மூலை இரண்டு விரல் அளவு இறங்கிவிட்டது. ஒரு பட்டறையில் புதுப் பம்பர், சாயம், கூலி என்று பல நூறு ரிங்கிட் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, காப்புறுதியில கிளேம் பண்ணிடட்டுமா?"

"அவசரப்படாதம்மா. உனக்கு என்சிடி எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு."

நம் நாட்டில் தனியார் காருக்கு என்சிடி கழிவு முதல் ஆண்டு கிளேம் இல்லாவிட்டால் 25 விழுக்காட்டில் தொடங்குகிறது. பிறகு 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 55இல் நிற்கும். சொந்தத் தவறுக்கு ஒரு கிளேம் போட்டால் போதும், அத்தனையும் பூஜ்யமாகிவிடும். மறுபடி 55ஐத் தொட ஐந்து ஆண்டு காத்திருக்கவேண்டும். ஒரு பம்பருக்காக அதை இழப்பது கட்டுப்படியாகாத வியாபாரம். வேறொருவர் வந்து மோதியிருந்தால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிட்டுக் காப்புறுதி நிறுவனத்திடம் பேசுங்கள். அந்த நிலையில் நீங்களாக எதையும் கழற்றவேண்டாம்.

அவளுக்கு யாரும் மோதவில்லை. வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பரின் அடி உரசியிருக்கிறது. நம் தாமான் வீடுகளில் வடிகாலைத் தாண்டி இறங்கும் அந்தச் சரிவு எத்தனை பம்பர்களைப் பதம் பார்த்திருக்கிறதோ!

தோட்டத்துக் கிராணிமார் ஓட்டிய மோரிஸ் மைனருக்குப் பம்பர் என்றால் இரும்பு. பையன்கள் ஏறி நின்றாலும் அசையாது. இன்று நாம் பம்பர் என்று சொல்வது வெறும் பிளாஸ்டிக் உறை. பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். தாப்பாவ் வாங்கும் டப்பாவுக்கும் அதே பிளாஸ்டிக்தான். இந்த உறையின் பக்க விளிம்பைக் காரின் உடலோடு பிடித்து வைத்திருப்பது கையகல நீளமுள்ள ஒரு பிரேக்கெட். உறை அதன் பற்களில் போய் மாட்டிக்கொள்ளும். பின் சக்கர வளைவில் ஒரு ஸ்குரு, அடியில் சில கிளிப்புகள், இவைதான் மற்றப் பிடிகள். நம் வெயிலில் வெந்து வெந்து கிளிப்பும் பிரேக்கெட்டும் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். லேசான உரசலே போதும், பற்கள் உடைந்து மூலை தொங்கும். உறைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இடைவெளியில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தோம். பிரேக்கெட்டில் இரண்டு பல் போயிருந்தது. சக்கர வளைவு ஸ்குருவைக் காணோம்.

சக்கர வளைவில் டயர் குறுக்கே நிற்கும் என்பதால் கட்டை ஸ்குரு டிரைவர் வேண்டும். வண்டியை ஜேக்கியில் தூக்கி அடியில் புகத் தேவையில்லை, புகவும் கூடாது. கிளிப்பைப் பிடுங்காதீர்கள். நடுவில் இருக்கும் ஆணியைத் தட்டை ஸ்குரு டிரைவரால் நெம்பி உயர்த்தினால் முழுதும் வந்துவிடும். பிறகு சக்கரப் பக்கத்திலிருந்து உறையை மெதுவாக வெளியே இழுக்கவேண்டும். ரிவர்ஸ் சென்சார் இருந்தால் உள்ளே வயர் ஓடும், ஒரேயடியாக இழுத்தால் அது அறுந்துபோகும். சில கார்களில் பின் லைட்டைக் கழற்றினால்தான் பிரேக்கெட்டுக்குக் கை போகும்.

உறை விலகியதும் உள்ளே இருக்கும் குறுக்கு இரும்பையும் அது உடலோடு சேரும் இடத்தையும் பாருங்கள். அது வளைந்திருந்தாலோ, பூட் கதவு முன்போல் ஒழுங்காக மூடாவிட்டாலோ, வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. அவள் காரில் இரும்பு நேராகவே இருந்தது.

உடைந்த பிரேக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே உதிரிபாகக் கடைக்குப் போனோம். இடதும் வலதும் வேறு வேறு. மைவி என்றால் மட்டும் போதாது. 2005, 2011, 2017 என மூன்று தலைமுறை வந்துவிட்டது. பிரேக்கெட், ஸ்குரு, கிளிப்புகள் எல்லாம் சேர்த்து, குடும்பத்தோடு ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவுகூட ஆகவில்லை.

மாட்டும் வேலையை மதியமே வைத்துக்கொண்டோம். வெயிலில் சூடேறிய உறை வளைந்துகொடுக்கும். மழை நாளென்றால் விளிம்பில் சுடுநீர் ஊற்றலாம். லைட் பக்கத்திலிருந்து தொடங்கி, சக்கரத்தை நோக்கி உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு பல்லும் 'டக்' என்று உட்காரும். ஸ்குருவைக் கடைசியில்தான் முடுக்கவேண்டும். முதலிலேயே முடுக்கிவிட்டால் மூலை கோணலாக நிற்கும்.

உறையின் விளிம்பே கிழிந்திருந்தால், சக்கர வளைவின் உள்மடிப்பில் வாஷர் வைத்து ஒரு துருப்பிடிக்காத ஸ்குரு போடலாம், வெளியே தெரியாது. சூப்பர் குளூ மட்டும் வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. தாப்பாவ் டப்பாவை ஒட்டிப் பாருங்கள், தெரியும்.

கேபிள் டை கட்டுவது தவறில்லை, ஆனால் அது கடை திறக்கும்வரைதான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரில் போகும்போது சக்கரப் பக்கத்து இடைவெளியில் காற்று புகுந்து உறையைக் குடைபோல் விரிக்கப் பார்க்கும். அது பிய்ந்து விழுந்தால் பின்னால் மோட்டார்சைக்கிளில் வருபவரின் கதி என்ன? அவளை அந்த ஒரு வாரமும் கம்பாருக்குப் பழைய சாலையில் மெதுவாகப் போகச் சொன்னது அதனால்தான்.

ரிவர்ஸ் கியர் போட்டு சென்சார் சத்தம் வருகிறதா என்று பார்த்தோம், வந்தது. ஒரு வாரம் கழித்து இடைவெளியை விரலால் தடவிப் பார்த்து ஸ்குருவை இன்னும் கால் சுற்று முடுக்கினாள். மீந்த இரண்டு கிளிப் அவள் டேஷ்போர்டில் கிடக்கிறது.