கல்லங்குறிச்சியில் ஒரு பண்ணை இருந்தது

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்று வந்தவர்களுக்கு, அங்கே பெருமாள் என்பது நெடிய கற்கம்பம் ஒன்றுதான் என்பது தெரிந்திருக்கும். தலவரலாறும் பலரும் அறிந்ததே. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன், காட்டோரத்தில் பெரிய மந்தை வைத்து வாழ்ந்த கோபாலன் என்னும் குடியானவரின் மகன் மங்கான். அவர்களது சினைப்பசு ஒன்று மூன்று நாள்களாகக் காணவில்லை. கனவில் குறிப்புக் கிடைக்க, காட்டுக்குள் போய்ப் பார்க்கிறார் மங்கான். ஈன்ற கன்றோடு பசு நிற்கிறது. அருகே சாய்ந்து கிடக்கும் கம்பத்தின் மேல் அதன் பால் சொரிந்திருக்கிறது. அந்தக் கம்பத்தை நிமிர்த்தி நட்டதே கோயிலின் தொடக்கம்.

பக்தர்கள் இக்கதையில் பெருமாளைக் காண்கிறார்கள். அதில் நமக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் அந்தப் பண்ணையின் பக்கமே போகிறது. பட்டி எங்கே இருந்தது? எத்தனை உருப்படி? மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய குட்டை எது? காட்டைத் திருத்திக் கழனியாக்கிய முதல் தலைமுறை எதை விதைத்தது? கோயில் நிலைத்தது, பசு கதையில் நிலைத்தது. பண்ணை மட்டும் தடமின்றிப் போயிற்று. மந்தையை மேய்த்தவர்கள் யாரென்று நாம் கேட்ட கதையில் ஒரு சொல்லும் இல்லை. (பண்ணைகளின் கதையில் பண்ணையாட்களின் பெயர் எப்போது இருந்தது என்று கேட்பீர்களானால், அதுவும் சரிதான்.)

வேடிக்கை என்னவென்றால், அதே மண்ணுக்கு அடியில் இருப்பதற்கு மிகத் துல்லியமான வரலாறு உண்டு. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்தது. அதன் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு நிலவியலாளர்கள் இட்ட பெயரே கல்லங்குறிச்சி. பிளான்போர்டு 1862இல் இப்பகுதியின் பாறைகளைப் பற்றி நூல் எழுதினார். ஸ்டோலிச்கா 1871க்குள் இங்குள்ள சிப்பிகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாகப் படம் வரைந்து, பெயரிட்டு, தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஏழு கோடி ஆண்டு முந்தைய சிப்பிக்குப் பெயர் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதன் மேல் கம்பும் வரகும் கொத்தமல்லியும் விளைந்த காட்டுக்கு, ஊரார் வாயில் வழங்கிய பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அந்தச் சிப்பிக்கல்தான் சிமெண்டுக்கு மூலப்பொருள். 1979இல் அரசின் ஆலை அரியலூரில் தொடங்கியது. தனியார் ஆலைகளும் சூழ வந்தன. சுரங்கம் வந்தால் முதலில் அகற்றப்படுவது மேல்மண். உழவன் நிலம் என்று சொல்வது அதைத்தான். சுரங்கக் கணக்கில் அது கழிவு. வரப்பு, வாய்க்கால், களம், கிணற்றடி வேம்பு எல்லாம் அதோடு போகும். கிணறு இருந்த இடத்தில் கிணற்றைவிடப் பெரிய பள்ளம்; அதிலும் தண்ணீர் நிற்கிறது, இறைப்பாரில்லை.

நிலம் விற்றவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மானாவாரிக் காட்டை நம்பிக் கிடந்தவர்களுக்கு, நகரத்தில் அமர்ந்து கரிசலின் அழகைப் பேசுவது கேலியாகவே தோன்றும். நம் ஆதங்கம் வேறு. விற்பதற்கு முன்னோ பின்னோ, யாராவது அதை எழுதி வைத்தார்களா?

தெற்கத்திக் கரிசலுக்கு அந்தப் பேறு வாய்த்தது. புலம்பெயர்ந்து வந்து காடழித்துக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையைக் கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராமம்’ ஆக்கினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வீட்டுக் கிழவிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவர் இருந்ததால் நடந்தது அது. அரியலூர்க் கரிசலிலும் கிழவிகள் இருந்தார்கள்.

நாவல்தான் வேண்டுமென்பதில்லை. கிராமக் கணக்கில் அடங்கல் என்றொரு ஏடு உண்டு. ஒவ்வொரு பசலியிலும் எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் அதில் பதிவாகும். 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழியும்வரை கர்ணங்கள் எழுதினார்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள். ஒரு பண்ணைக்கு நாட்குறிப்பு என்று ஏதேனும் உண்டென்றால் அது இந்த வறண்ட ஏடுதான். இலக்கிய அன்பர்களாகிய நாம் கல்வெட்டுக்குக் கொடுக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுக்கலாகாதா?

அந்த ஏட்டில் இல்லாததை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பங்குனியில் திருவிழாவுக்குப் போகும் நண்பர்கள், விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் சுமந்து வரும் முதியவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசலாம். புல எண்ணைக் கேட்க வேண்டாம். காட்டின் பெயரைக் கேளுங்கள். கிணற்றை வெட்டியவர் யார், கவலை ஓட்டியவர் யார், மாடு மேய்த்த பையன் பிறகு என்ன ஆனான் என்று கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பசுவை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும் மறவாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மங்கான் காட்டுக்குள் தேடிப் போன பசுவுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.