நனைந்த தானியமும் வெள்ளத்தில் நின்ற காரும்



பழைய சொகுசுக் காரைப் பற்றி எழுத மத்ரஸா ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் தொழுகை, நோன்பு, ஹஜ் பாடங்களைத் தொடர்ந்து வாணிபப் பாடம் நெடுக விரிகிறது. அதில் வரும் உதாரணங்கள் ஒட்டகமும் ஆடும் பேரீச்சம்பழமும். இன்று அந்த ஒட்டகத்தின் இடத்தில் நம் வாசலில் கார் நிற்கிறது. சட்டம் மாறவில்லை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் மஹல்லாக்களில் அண்மைக் காலமாக ஓர் ஆசை வளர்ந்திருப்பதைக் காண்கிறோம். புதிய நடுத்தரக் கார் ஒன்றின் விலைக்கு, எட்டு பத்து ஆண்டு ஓடிய பென்ஸோ பிஎம்டபிள்யூவோ ஆடியோ கிடைக்கிறது. பிள்ளைக்குத் திருமணம் பேசும் வீட்டில், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர் வீட்டில், துறைமுகத் தொழிலில் சற்றே முன்னேறியவர் வீட்டில் இந்தக் கணக்கு நடக்கிறது. ஆசையை நாம் பழிக்கவில்லை. மனிதனின் நற்பேறுகளில் விசாலமான வீட்டோடும் நல்ல அண்டை வீட்டாரோடும் இதமான வாகனத்தையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. ஆனால் அங்கே சொல்லப்பட்டது இதமான வாகனம். ஊரார் திரும்பிப் பார்க்கும் வாகனம் எல்லாம் இதமான வாகனம் ஆகிவிடாது. மாதத்தில் பாதி நாள் மெக்கானிக் கொட்டகையில் நிற்கும் கார், அதன் முகப்பில் எந்தச் சின்னம் இருந்தாலும், நற்பேற்றின் கணக்கில் சேராது.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். சொகுசுக் காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு வேகமாகச் சரிகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை அப்படிச் சரிவதில்லை. ஐம்பது லட்ச ரூபாய்க் காராகப் பிறந்தது எட்டு லட்சத்துக்கு வந்த பின்னும், கெட்டுப்போன பாகத்தைக் கேட்டால் ஐம்பது லட்சக் காரின் பாகத்துக்கு உரிய விலையைத்தான் சொல்வார்கள். ஆகவே கையிலுள்ள தொகை முழுவதையும் காருக்கே கொடுப்பவர் பாதிக் காரைத்தான் வாங்குகிறார். நம் ஆலோசனை இதுதான்: பத்து லட்சம் கையிலிருந்தால் ஏழரை லட்சத்துக்குள் காரைத் தேடுங்கள். மீதி இரண்டரை லட்சத்தை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தொடாமல் வையுங்கள். அவ்வாறு வைக்க இயலாது என்றால் அந்தக் கார் நம் தகுதிக்கு மேற்பட்டது என்று பொருள்.

எந்தக் கார்? சின்னத்தைவிட எஞ்சினையும் கியரையும் கேட்டறிவது முக்கியம். 2007 முதல் ஏறத்தாழ 2014 வரை வந்த பிஎம்டபிள்யூ 320டி, 520டி கார்களில் இருந்த என்47 என்ற டீசல் எஞ்சினில் டைமிங் செயின் தேய்வது உலகெங்கும் பேசப்பட்ட குறை. அந்தச் செயின் எஞ்சினின் பின்புறத்தில் இருப்பதால் அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டி வரும். ஸ்கோடா சூப்பர்ப் 1.8 பெட்ரோல் காரில் வந்த ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் நெரிசலில் அடிக்கடி சூடேறிப் பழுதாகும் இயல்புடையது. காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ் கார்கள் பழையனவாகும்போது ஒருபக்கம் சாய்ந்து நிற்பதுண்டு. அதைச் சரிசெய்யும் செலவு பெரிது. ஹோண்டா அக்கார்டு உள்ளிட்ட பல கார்களில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் குறைபாட்டால் திரும்ப அழைப்பு நடந்தது. அந்தப் பழுது நீக்கப்பட்டதா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொண்டு நிறுவன சர்வீஸ் மையத்தில் கேட்டறியலாம்.

நம்பகத்தை முதலாவதாக வைப்பவருக்கு நாம் சொல்லும் பெயர் டொயோட்டா கேம்ரி. 2013 முதல் பெங்களூரை அடுத்த பிடதியிலேயே கேம்ரி ஹைப்ரிட் ஒருங்கிணைக்கப்பட்டது. பார்வைக்கு ஆடம்பரம் குறைவு. ஆனால் நெரிசலில் ஊர்ந்து செல்லும் ஊருக்கு அது பொருத்தமானது. ஹைப்ரிட் பேட்டரி பின் இருக்கையை ஒட்டி இருப்பதால், அதன் நிலையை ஸ்கேனர் வைத்துச் சோதித்த சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஊரையும் கணக்கில் கொள்ள வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே நகர்வதும் நிற்பதுமாகச் செல்லும் வாழ்வு நம்முடையது. டீசல் புகையில் உள்ள கரியை வடிகட்டும் டிபிஎஃப் பொருத்திய கார்கள் அவ்வப்போது நீண்ட தூரம் வேகமாக ஓடினால்தான் அந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். காசிமேட்டிலிருந்து தங்கசாலைக்குப் போய்வரும் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மெல்லிய டயர்களும் பெரிய அலாய் சக்கரங்களும் நம் பள்ளங்களில் வளைகின்றன. பல பிஎம்டபிள்யூ கார்களில் ஸ்டெப்னியே கிடையாது; காற்றில்லாமலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரை மாற்றும் செலவு அதிகம். கடற்காற்றின் உப்பு அடித்தளத்தையும் பிரேக் குழாய்களையும் மின்இணைப்புகளையும் அரிக்கிறது. எனவே காரை லிஃப்டில் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இனி நம் பகுதியின் பெரிய விஷயத்துக்கு வருவோம். அது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூரிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் வெள்ளநீரோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்த நீரில் நின்ற கார்கள் எங்கே போயின? பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதுகிறது. அப்படிப்பட்ட கார்கள் ஏலத்தில் போகின்றன. சில உதிரிபாகங்களாகப் பிரிந்து புதுப்பேட்டையை அடைகின்றன. சில கழுவித் துடைக்கப்பட்டு, இருக்கை உறை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. பல ஜெர்மன் கார்களில் மின்னணுப் பெட்டிகள் இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் தரைக்கு அடியிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே புகுந்த நீர் ஆறு மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அதற்குள் விற்றவர் கைபேசியை எடுக்க மாட்டார்.

மதீனத்துக் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. இங்கே கவனிக்க வேண்டியது, மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றம் அன்று. ஈரமான தானியத்தை விற்பதும் தடுக்கப்படவில்லை. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம். வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதே சட்டம்தான். தண்ணீர் புகுந்தது என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்கலாம்.

வாங்குபவரும் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு மறைந்திருக்கும் இடம் அது. தரை விரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் திருகாணிகளில் துருவைத் தேடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக் குழியையும், முகப்பு விளக்குகளின் உட்புறத்தில் படிந்த மங்கலையும் பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள். இவை அனைத்துக்கும் அரை மணி நேரம் போதும்.

இரண்டாவது மோசடி கிலோமீட்டர் மீட்டரில் நடக்கிறது. பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, மடி நிறைந்த ஆடு என்று காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவருக்கு ஆட்டை வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ உரிமை உண்டு என்றும் கூறினார்கள். லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரை அறுபதாயிரமாகக் குறைத்துக் காட்டும் விரலும் மடியைக் கட்டிய விரலும் ஒன்றே. சர்வீஸ் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் கட்டு அவிழ்ந்துவிடும். சீட்டு ஒன்றுமே இல்லாத சொகுசுக் காரை, அது எவ்வளவு பளபளத்தாலும், விட்டுவிடுவதே நலம்.

டெல்லிப் பதிவெண் கொண்ட கார்களைப் பற்றியும் ஒரு சொல். பத்தாண்டு கடந்த டீசல் கார்களும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் கார்களும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. அதன் விளைவாக அங்கே விலை சரிந்த டீசல் சொகுசுக் கார்கள் தெற்கு நோக்கி வந்தன. விலை மலிவு என்பது உண்மை. அதோடு தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டின் வாகன வரி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

தாள் வேலையில் தாமதம் கூடாது. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் வேண்டும். கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35உம் வங்கியின் சான்றும் வேண்டும். விற்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிந்தவர்தானே, பிறகு மாற்றிக்கொள்வார் என்று சாவியைக் கொடுத்துவிடும் பழக்கம் நம் மக்களிடம் அதிகம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது. எழுதிக்கொள்வது நட்புக்குக் குறைவு ஆகாது.

பணம் போதாதபோது வட்டிக் கடனை நாடுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வட்டி ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. வீடு, மருத்துவம் என்று நெருக்கடியைக் காரணம் காட்டுவோர் உண்டு. சொகுசுக் காருக்கு அந்த வாதமும் இல்லை. கையிருப்புக்கு ஏற்ற எளிய காரில் பரக்கத் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் சேமித்து வாங்குவதில் வெட்கமும் இல்லை.

இவ்வளவும் வாங்குபவருக்குச் சொன்னவை. ஆயினும் நம் முதன்மையான வேண்டுகோள் விற்பவரிடம்தான். காரணம், தரகரும் மெக்கானிக்கும் உரிமையாளரும் பலநேரங்களில் நம் ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுபவர்களே. குறையுள்ள பொருளை அக்குறையைச் சொல்லாமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்ற நபிமொழியை நாம் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். பார்த்து வாங்கிக்கொள், பிறகு என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் எனச் சிலர் எண்ணுகிறார்கள். அந்த நிபந்தனையின் சட்ட விளைவில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடே இல்லை.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறோம். நம் மஹல்லாக்களில் கார் கைமாறும்போது ஒரே ஒரு தாள் எழுதப்படட்டும். வெள்ளநீர் புகுந்ததா, விபத்தில் அடிபட்டதா, மீட்டர் மாற்றப்பட்டதா, கடன் பாக்கி உண்டா, தெரிந்த பழுது வேறென்ன என்ற ஐந்து கேள்விகள். விற்பவர் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்னர் குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை ஷரீஅத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த உரிமைக்கு இந்தத் தாள் ஆதாரமாகும். ஜமாஅத் நிர்வாகிகள் விரும்பினால் இதை அச்சிட்டுப் பள்ளிவாசல் அலுவலகத்தில் வைக்கலாம்.

எந்தக் கார் நம்பகமானது என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில் எளியது. அந்தத் தாளில் தயங்காமல் கையொப்பமிடுபவரின் காரைப் பாருங்கள். பேனாவைக் கண்டதும் பேச்சை மாற்றுபவரின் கார் பென்ஸாக இருந்தாலும் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்குவோருக்கும் விற்போருக்கும் உண்மையில் பரக்கத்தை அல்லாஹ் வைப்பானாக. ஆமீன்.