விரிசல் கண்ட விட்டம்

ஓப்பநாயக்கவை அடுத்த தோட்டமொன்றில், லயங்களுக்கும் பாடசாலைக்கும் இடையே ஓடும் ஓடையின் மேல் சிறிய மரப்பாலம் ஒன்று உண்டு. மூன்று விட்டங்களும் அவற்றின் மேல் பலகைத் தளமுமே அதன் உடல். சென்ற மழைக்காலத்திற்குப் பின், நடுவிட்டம் கால் வைக்குந்தோறும் முனகத் தொடங்கிற்று.

"மேலே இன்னொரு பலகையை அடித்துவிட்டாற் போதும், ஐயா" என்றார் ஒருவர். பிள்ளைகள் புத்தகப் பையுடன் ஓடிக் கடக்கும் பாலம் அது. நோய் கீழே இருக்க, மருந்தை மேலே பூசுவதா? புதுப் பலகை குறையை மறைக்கும், பாரத்தையும் கூட்டும். ஆகவே ஓடையில் இறங்கிப் பார்த்தோம்.

மரத்தில் காணும் வெடிப்பெல்லாம் ஆபத்தன்று. உலரும்போது நார்ப்போக்கில் நீளவாட்டில் தோன்றும் மெல்லிய வெடிப்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை. அடிவிளிம்பிலே, முடிச்சொன்றின் அருகே தொடங்கி, நாரை அறுத்துக் குறுக்கே ஏறும் விரிசலே அஞ்சத்தக்கது. பாரத்தால் விட்டம் வளையும்போது அதன் மேற்புறம் நெருக்குண்கிறது, அடிப்புறம் இழுபடுகிறது. இழுபடும் இடத்தில் நார் அறுந்தால் தாங்குவது எது?

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கலாம். விட்டத்தின் வலிமை அதன் அகலத்தின் அளவிலும், உயரத்தின் வர்க்கத்தின் அளவிலும் அமையும் என்று கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 8 அங்குல உயர விட்டத்தில் விரிசல் 4 அங்குலம் ஏறிவிட்டால், எஞ்சும் வலிமை பாதியன்று, கால் பங்கே!

ஊர்த் தச்சர் வேலையைத் தொடங்கினார். முதலில் பாலத்தில் நடமாட்டத்தை நிறுத்தினார். கீழே முட்டுக்கால் நிறுத்தி, ஆப்புகளைச் சிறிது சிறிதாக அடித்து, தொய்ந்த விட்டத்தை நேராக்கினார். கூரிய உளியால் குத்திப் பார்த்து, உளுத்த பாகம் இல்லையென்று தெளிந்தார். உளுத்திருந்தால் விட்டத்தையே மாற்றவேண்டும். பின்னர் அதே உயரமுள்ள, நன்கு உலர்ந்த புது விட்டமொன்றைப் பழையதன் பக்கத்தில் ஒட்டவைத்தார். அதன் இரு முனைகளும் கரைக்கட்டுகளின் மேல் அமர்ந்தன. முன்கூட்டியே துளையிட்டு, துருப்பிடியாத முறுக்காணிகளை ஒரே கோட்டில் வைக்காமல், மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்கினார். ஒரே நார்வரிசையில் துளையிட்டால் மரம் பிளக்குமல்லவா? இரு விட்டங்களுக்கும் இடையே நீர் இறங்காதபடி மேல்விளிம்பில் தார் பூசி, பலகைகளுக்கிடையே விரற்கடை இடைவெளியும் விட்டார்.

இதுவே முக்கியம். மரத்தின் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு இருபதைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் அதனை அரிக்கும். பதுளை மாவட்டத்துப் போகொட மரப்பாலம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதற்கு அதன் ஓட்டுக்கூரையும் ஒரு காரணம். கூரை போட வசதியில்லாத நாம், நீர் தேங்காமலேனும் பார்த்துக்கொள்ளலாம்.

மாலையில் முட்டுக்காலை அகற்றியபின் தச்சரே முதலில் நடந்தார். பெரியவர்கள் சிலர் பின்தொடர்ந்தனர். முனகல் இல்லை. மறுநாட் காலை பிள்ளைகள் வழக்கம்போல் ஓடிச் சென்றனர். கீழே நடந்த வைத்தியம் அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன், பெரியவர்கள் யாரேனும் கீழே குனிந்து பார்க்கவேண்டும்.